பெயரை விடுங்கள், சர்வே நம்பரைப் பிடியுங்கள்: கிராமத்து முன்னோரைப் பழைய ஆவணங்களில் தேடுவது எப்படி

கொள்ளுத் தாத்தா பெயர் கருப்பையா, ஊர் மதுரைப் பக்கம் ஏதோ ஒரு கிராமம். இந்த இரண்டை மட்டும் கையில் வைத்துக்கொண்டு தேட ஆரம்பிப்பவர்கள்தான் அதிகம், பாதியில் விட்டுவிடுகிறவர்களும் அவர்கள்தான். நம்மில் பெரும்பாலோருக்குக் குடும்பப் பெயர் கிடையாது, இனிஷியல் தலைமுறைக்குத் தலைமுறை மாறும், போதாததற்குப் பேரனுக்குத் தாத்தா பெயரை வைப்போம். ஆக ஒரே வீட்டில் கருப்பையா மகன் முத்து, முத்து மகன் கருப்பையா, அந்தக் கருப்பையா மகன் இன்னொரு முத்து என்று வரிசை போகும். அண்ணன் தம்பி இரண்டு பேருமே மூத்த பையனுக்கு அப்பா பெயரை வைத்துவிட்டால் கிட்டத்தட்ட ஒரே வயதில், ஒரே ஊரில், ஒரே பெயரில் இரண்டு பேரன்கள். இதில் உங்கள் கருப்பையா யார் என்று பெயரை மட்டும் வைத்துச் சொல்லவே முடியாது.

நிலம் அப்படியில்லை. அது எங்கேயும் போகாது. எண் மாறும், ஆனால் எந்த எண் எதுவாக மாறியது என்பதற்குக் கணக்கு இருக்கிறது. அதனால் தமிழ்நாட்டுக் கிராமங்களைப் பொறுத்தவரை நான் சொல்வது ஒன்றுதான்: முதலில் ஒரு துண்டு நிலத்தைப் பிடியுங்கள், அதன் வழியாகப் பின்னால் நடந்தால் ஆட்கள் தானாக வருவார்கள். நிலமே இல்லாத குடும்பம் என்றால் வேறு வழி இருக்கிறது, அதைப் பின்னால் சொல்கிறேன்.

முதல் வேலை: வீட்டுப் பெட்டி

ஆபீசுக்கு ஓடுவதற்கு முன் வீட்டில் இருக்கும் தகரப் பெட்டி, பரண், பீரோவின் அடித்தட்டு எல்லாவற்றையும் பாருங்கள். பத்திரம் மட்டும்தான் ஆவணம் என்று நினைக்காதீர்கள். தீர்வை (நிலவரி) கட்டிய ரசீது ஒன்று கிடைத்தாலே போதும், அதில் கிராமம், பட்டா எண், பசலி (வருவாய்க் கணக்கு ஆண்டு), பட்டாதாரர் பெயர் நான்கும் இருக்கும். ஜாதக நோட்டு இருந்தால் பிறந்த தமிழ் வருஷம், மாதம், நட்சத்திரம் கிடைக்கும். கல்யாணப் பத்திரிகைகள், கருமாதிப் பத்திரிகைகள், பழைய ரேஷன் கார்டு, போட்டோக்களின் பின்பக்கத்து எழுத்து, கூட்டுறவுச் சங்கக் கடன் பாஸ்புக் எதையும் ஒதுக்க வேண்டாம்.

மொய் நோட்டைத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு கல்யாணத்துக்கோ காதுகுத்துக்கோ வந்த அத்தனை உறவுகளையும் ஊர்ப் பெயரோடும் பல சமயம் அப்பா பெயரோடும் ஒரே இடத்தில் எழுதி வைத்திருக்கும் ஆவணம் அரசாங்கத்திடம்கூடக் கிடையாது. தாய்மாமன் வகை மொய் முதலில் எழுதப்பட்டிருக்கும், தொகையும் கூடுதலாக இருக்கும். அதை வைத்தே பெண் எடுத்த ஊர் எது, கொடுத்த ஊர் எது என்று பிரித்துவிடலாம். நிறைய வீடுகளில் பெரியவர் போனதும் இதைத்தான் முதலில் பழைய பேப்பர்காரருக்குப் போடுகிறார்கள்.

அடுத்து பெரியவர்களிடம் கேட்பது. "நம்ம முன்னோர் யாரு தாத்தா?" என்று பொதுவாகக் கேட்டால் பொதுவாகத்தான் பதில் வரும். கேள்வியைக் குறிப்பாகக் கேளுங்கள். குலதெய்வம் எந்த ஊரில், அங்கே தலைக்கட்டு வரி யார் யாரிடம் வாங்குகிறார்கள்? வீட்டில் ஒரு சாவு விழுந்தால் யார் யாருக்குத் தீட்டு? இந்தத் தீட்டுக் கேள்வி எளிதாகத் தெரியும், ஆனால் இதைவிட நல்ல கேள்வி இல்லை. பங்காளி யார், மாமன் மச்சான் யார் என்பதை ஒரே பதிலில் பிரித்துக் கொடுத்துவிடும். அப்புறம், ஊர் கூப்பிடும் பெயர் வேறு, ரிக்கார்டில் இருக்கும் பெயர் வேறு. ஊரில் "மேட்டு வீட்டுக்காரர்" என்று வாழ்ந்து முடித்தவருக்குப் பட்டாவில் என்ன பெயர் என்று கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். குலதெய்வக் கோயிலில் வரி நோட்டு பழையது இருந்தால் அதையும் பாருங்கள், கல்லில் வெட்டிய "உபயம்" வரிகளைப் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள்.

ஒரு எச்சரிக்கை. பல வருஷமாக ஊர்ப்பக்கமே வராத ஒருவர் திடீரென்று வந்து பழைய பத்திரம், பட்டா என்று விசாரித்தால் ஊரில் ஒரே அர்த்தம்தான்: பங்கு கேட்க வந்திருக்கிறான். சித்தப்பா முகம் சுருங்கும், பெட்டிச் சாவி தொலைந்துபோகும். அதனால் முதல் நாளே பத்திரத்தைப் பற்றிப் பேச வேண்டாம். உறவில் எல்லோரும் மதிக்கும் ஒரு பெரியவரைக் கூட்டிக்கொண்டு போங்கள், நீங்கள் வரைந்த கொடிவழிப் படத்தை, அரைகுறையாக இருந்தாலும் பரவாயில்லை, அவர்கள் முன்னால் விரித்து வையுங்கள். தப்பாக இருக்கும் இடத்தைத் திருத்துவதற்காகவே நாலு பேர் வாயைத் திறப்பார்கள்.

இன்றைய பட்டாவிலிருந்து பின்னால்

ஒரு நிலமாவது தெரிந்துவிட்டதா? சரி, இப்போது இன்றைய எண்ணிலிருந்து ஆரம்பியுங்கள். தமிழ்நாடு அரசின் இ-சேவை வலைத்தளத்தில் மாவட்டம், வட்டம், கிராமம், புல எண் (சர்வே நம்பர்தான்) கொடுத்தால் பட்டாவும், ஊர் நிலங்களை எண்வாரியாகக் காட்டும் 'அ' பதிவேட்டின் விவரமும் இலவசமாகப் பார்க்கலாம். பட்டாவில் பெயருக்கு முன்னால் அப்பா பெயரும் இருக்கும். கூட்டுப் பட்டா என்றால் இன்னும் நல்லது, அண்ணன் தம்பி, சித்தப்பா பெரியப்பா பிள்ளைகள் எல்லாம் ஒரே தாளில் நிற்பார்கள். 'அ' பதிவேட்டில் உங்களுக்கு வேண்டியது பழைய புல எண் என்ற கட்டம். அதை எழுதிக்கொள்ளாமல் அடுத்த அடி வைக்க முடியாது.

ஏன் என்றால், 1979 முதல் 1987 வரை தமிழ்நாட்டில் நிலப் பதிவேடுகளைப் புதுப்பிக்கும் திட்டம் ஒன்று நடந்தது, எல்லோரும் யூ.டி.ஆர். என்பார்கள். அதில்தான் ஏக்கர், சென்ட் போய் ஹெக்டேர், ஏர்ஸ் வந்தது, பல இடங்களில் எண்களும் உட்பிரிவுகளும் மாறின. அதற்கு முந்தைய பத்திரங்களில் இருப்பது பழைய எண். யூ.டி.ஆர். சமயத்தில் பெயர் எழுதுவதில் நடந்த பிழைகளும் கொஞ்சநஞ்சமில்லை. அண்ணன் பெயரில் மட்டும் ஏற்றிவிட்டுத் தம்பியை விட்டது, அப்பா பெயரை மகன் பெயராக எழுதியது என்று. ஆகவே யூ.டி.ஆர். பதிவை மட்டும் நம்பி உறவை முடிவு செய்யாதீர்கள்.

அதற்கும் பின்னால் போனால், அரசாங்க ரயத்துவாரி ஊர்களுக்கு, அதாவது குடியானவரிடம் அரசாங்கமே நேரடியாகத் தீர்வை வாங்கிய ஊர்களுக்கு, செட்டில்மெண்ட், ரீசெட்டில்மெண்ட் பதிவேடுகள் இருக்கின்றன. ஏறக்குறைய 30 ஆண்டுக்கு ஒரு முறை தீர்வையைத் திருத்தியபோது ஊர்வாரியாகத் தயாரித்தவை. சர்வே எண், பரப்பு, மண் ரகம், தீர்வை, பட்டாதாரர் பெயர் வரிசையாக இருக்கும். பல ஊர்களுக்கு இவை ஆங்கிலத்தில் அச்சிட்டவை, எழுத்துக்கூட்டல் அந்தக் காலத்து வெள்ளைக்காரப் பாணியில் இருக்கும், வாய்விட்டுப் படித்தால்தான் பெயர் பிடிபடும். ஊர் ஜமீனா, இனாமா (மானியமாக விட்டது), அயனா (அரசாங்க ரயத்துவாரி) என்பதை முதலிலேயே கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள், ஏனென்றால் தேட வேண்டிய இடமே அதைப் பொறுத்து மாறும். ராமநாதபுரம், சிவகங்கை போன்ற ஜமீன்களில் குடியானவர் கணக்கு ஜமீன் கச்சேரியில்தான் இருந்தது. 1948-ம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டத்துக்குப் பிறகுதான் அரசாங்கம் அந்த ஊர்களை அளந்து பதிவேடு போட்டது. அங்கே எஸ்.எல்.ஆர். என்கிற செட்டில்மெண்ட் நிலப் பதிவேடுதான் உங்களுக்கு ஆரம்பப் புள்ளி.

இனாம் ஊர் என்றால், அல்லது அயன் ஊரிலேயே கோயில் ஊழியத்துக்கோ கிராம ஊழியத்துக்கோ விட்ட மானிய நிலம் உங்கள் குடும்பத்தில் இருந்தால், அதிர்ஷ்டம்தான். 1858-ல் அமைத்த இனாம் கமிஷன் ஊர் ஊராக விசாரித்து இனாம் ஃபேர் ரெஜிஸ்டர் என்று ஒன்று எழுதியது. முதலில் மானியம் பெற்றவர் யார், இப்போது அனுபவிப்பவர் யார், அவர் வயது, இருவருக்கும் என்ன உறவு, வாரிசுகள் யார் என்று கட்டம் போட்டுக் கேட்டிருக்கிறார்கள். கோயில் மேளக்காரர், தச்சர், நாவிதர், வண்ணார் என்று பெரிய நிலம் இல்லாதவர்கள்கூடச் சின்ன மானியம் காரணமாக இதில் வந்துவிடுகிறார்கள்.

இந்தப் பழைய பதிவேடுகளைப் பார்க்க வட்டாட்சியர் அலுவலகம், மாவட்டப் பதிவறை, கடைசியாகச் சென்னை எழும்பூரில் இருக்கும் தமிழ்நாடு ஆவணக் காப்பகம் என்று போக வேண்டியிருக்கும். எழும்பூர்க் கட்டடம் 1909-ல் வந்தது, மதராஸ் ரெக்கார்ட் ஆபீஸ் என்பது அதன் பழைய பெயர். அங்கே போகும்போது அன்றைய ஜில்லா, அன்றைய தாலுகா பெயரோடு போங்கள். இன்றைய விருதுநகர் மாவட்டத்து ஊரை 1985-க்கு முன் ராமநாதபுரத்தில் தேட வேண்டும், அதே ராமநாதபுரம் ஜில்லாவே 1910-ல்தான் மதுரை, திருநெல்வேலி ஜில்லாக்களிலிருந்து பிரித்து உண்டானது. திருப்பூர் மாவட்டம் 2009-ல் வந்தது, அதற்கு முன் அந்த ஊர்களில் பெரும்பாலானவை கோயம்புத்தூர் கணக்கில் இருக்கும்.

கிராமத்தில் வி.ஏ.ஓ.விடம் கேட்டால் பழைய கணக்கு இல்லை என்றுதான் பெரும்பாலும் சொல்வார், அதில் உண்மையும் உண்டு. பரம்பரைக் கர்ணம், மணியக்காரர் பதவிகளை 1980 நவம்பரில் அரசு ஒழித்தபோது, பல ஊர்களில் கணக்குகள் முழுசாகக் கைமாறவில்லை. பழைய கர்ணம் வீட்டுப் பரணில் இன்னும் சிட்டா, அடங்கல் கட்டுகள் கிடக்கும் ஊர்கள் இருக்கின்றன. அந்த வீட்டு வாரிசு யார் என்று விசாரித்துப் பார்ப்பதில் தப்பில்லை.

பத்திர ஆபீஸ்: புதையல் இங்கேதான்

பட்டா ஆளைக் காட்டும். உறவைக் காட்டுவது பத்திரம். பதிவு அலுவலகங்கள் 1860-களின் நடுவிலேயே வந்துவிட்டன, இப்போதைய பதிவுச் சட்டம் 1908-ம் ஆண்டுடையது.

முதலில் வில்லங்கம் போடுங்கள், அந்த நிலத்தின் மேல் பதிவான பத்திரங்களின் பட்டியல் அது. பதிவுத்துறை வலைத்தளத்தில் பெரும்பாலும் 1975-க்குப் பிறகான பதிவுகள் கிடைக்கும். அதற்கு முன்னால் உள்ளதற்கு சார்பதிவாளர் அலுவலகத்தில் மனு கொடுத்து, கையால் தேடித் தரும் வில்லங்கச் சான்று வாங்க வேண்டும். இதற்குப் பழைய சர்வே எண்ணைக் கொடுங்கள், ஊர் அந்தக் காலத்தில் எந்தப் பதிவு அலுவலகத்தின் கீழ் இருந்தது என்பதையும் கேளுங்கள். ஆபீஸ் பிரிந்திருந்தால் பழைய வால்யூம்கள் தாய் ஆபீசிலேயே இருக்கலாம். வில்லங்கத்தில் வரும் ஒவ்வொரு பத்திர எண்ணுக்கும் நகல் மனு போடலாம்.

பலருக்குத் தெரியாத ஒன்று: பதிவு அலுவலகத்தில் சொத்துவாரி அட்டவணை மட்டுமில்லை, பெயர்வாரி அட்டவணையும் உண்டு. எழுதிக் கொடுத்தவர், வாங்கியவர் இருவர் பெயரும் அதில் ஏறியிருக்கும். நிலச் சொத்துப் பத்திரங்கள் பதியும் 1-ம் புத்தகத்தையும் அதன் அட்டவணைகளையும் கட்டணம் கட்டி யாரும் பார்க்கலாம் என்பது சட்டத்தின் 57-வது பிரிவு. உயில்கள் 3-ம் புத்தகத்தில் இருக்கும், எழுதியவர் இறந்த பிறகு அதன் நகலை யாரும் கேட்கலாம். ஆபீசில் இதைச் சொன்னால் எல்லா இடத்திலும் உடனே எடுத்துக் கொடுத்துவிடுவார்கள் என்று எதிர்பார்க்க வேண்டாம், பொறுமையாக எழுத்து மூலம் கேளுங்கள்.

கையில் நகல் வந்ததும் முழுசாகப் படியுங்கள், தொகையையும் சர்வே நம்பரையும் மட்டும் பார்த்துவிட்டு மூடிவிடாதீர்கள். பத்திரத்தின் ஆரம்பத்தில் எழுதிக் கொடுப்பவர், அவர் அப்பா, குடியிருக்கும் ஊர், தொழில், சாதி வரும். பழைய பத்திரங்களில் சில சாதிப் பெயர்கள் இன்று நாம் சொல்லக் கூசும் வடிவத்தில் இருக்கும், உங்கள் குறிப்பில் உள்ளபடியே நகலெடுத்து வையுங்கள், மாற்றி எழுதினால் அடுத்த ஆவணத்தோடு பொருத்த முடியாது. சொத்து வந்த வகை சொல்லும் பகுதிதான் உயிர்நாடி: "எனக்குப் பிதிரார்ஜிதமாய்ப் பாத்தியப்பட்டு" (முன்னோர் வழியாக வந்தது), "என் பாட்டனார் இன்னார் கிரயம் பெற்று" என்று ஒரே வாக்கியத்தில் இரண்டு தலைமுறை கிடைக்கும். மைனர் பிள்ளைகளுக்காகக் கார்டியனாகத் தாய் கையெழுத்துப் போட்டிருந்தால் அப்பா அதற்குள் இறந்துவிட்டார் என்று ஊகிக்கலாம், பிள்ளைகளின் பெயரும் வயதும் வரிசையாக வரும்.

அப்புறம் செக்குபந்தி. நிலத்தின் நான்கு எல்லை. "கருப்பையா நிலத்துக்கு வடக்கு, பெரியசாமி நிலத்துக்குக் கிழக்கு" என்று எழுதியிருப்பதைப் பெரும்பாலோர் தாண்டிப் போய்விடுவார்கள். ஆனால் பாகம் பிரித்த நிலத்தில் பக்கத்து நிலத்துக்காரர் பல நேரம் பங்காளிதான். ஒரு பெரிய புலம் 1, 2, 3 என்று உட்பிரிவாகி, மூன்றும் ஒரே அப்பா பெயர் உள்ள மூவரிடம் இருந்தால் கிட்டத்தட்ட நிச்சயம். அதனால் உங்கள் சர்வே எண்ணோடு நிறுத்தாமல் சுற்றியிருக்கும் நான்கைந்து எண்களுக்கும் 'அ' பதிவேடு பாருங்கள். புலப்படத்தை அச்சிட்டு ஒவ்வொரு உட்பிரிவிலும் பெயரை எழுதுங்கள். உடைந்துபோன குடும்பம் அந்தப் படத்தில் திரும்பச் சேர்ந்து நிற்கும். சாட்சிக் கையெழுத்துகளும் அப்படித்தான், மைத்துனரும் பங்காளியும்தான் வந்து போட்டிருப்பார்கள்.

எல்லாவற்றிலும் சிறந்தது பாகப்பிரிவினைப் பத்திரம். ஒரு நல்ல பாகப்பிரிவினை கிடைத்தால் மற்ற பத்து ஆவணங்களின் வேலையை அது ஒன்றே செய்யும். ஆனால் பல குடும்பங்கள் வாய்மொழியாகவோ, பதியாத கூர்ச்சீட்டு எழுதியோ பிரித்துக்கொண்டன. நூறு ரூபாய்க்குக் குறைவான கிரயத்தைப் பதிய வேண்டிய கட்டாயமும் இல்லை, அன்றைக்கு அந்தத் தொகைக்கு நிலமே வாங்கலாம். அதனால் வில்லங்கத்தில் இருபது முப்பது வருஷம் ஒன்றுமே இல்லை என்றால் பயப்பட வேண்டாம், குடும்பம் அங்கேதான் உழுதுகொண்டிருந்தது.

பிரிவதில் சண்டை வந்திருந்தால் உங்களுக்கு லாபம். பாக வழக்குகளில் பிராதோடு வம்சாவளி கொடுப்பது வழக்கம், தீர்ப்பிலும் அதைத் திரும்பச் சொல்லியிருப்பார்கள். வழக்கு எண்ணும் வருஷமும் தெரிந்தால் நீதிமன்றத்தில் நகல் மனு போடலாம். உயர் நீதிமன்றம் வரை போனது என்றால் தீர்ப்பு இணையத்திலேயே கிடைக்கும் வாய்ப்பு உண்டு.

தேதியும் எண்ணும் படிக்கும் வித்தை

இங்கே தடுக்கி விழுபவர்கள் அதிகம். பசலி ஆண்டோடு 590-ஐக் கூட்டினால் ஆங்கில ஆண்டு, அது ஜூலையில் தொடங்கும். பசலி 1345 என்றால் 1935 ஜூலை முதல் 1936 ஜூன் வரை. தமிழ் வருஷம் அறுபது ஆண்டுக்கு ஒரு முறை திரும்பும் என்பதால் துர்முகி என்று மட்டும் இருந்தால் 1896-ஆ, 1956-ஆ என்று வேறு தடயம் வைத்துத்தான் சொல்ல முடியும். ரூபாய், அணா, பைசா என்று தொகை இருந்தால் பெரும்பாலும் 1957 ஏப்ரலுக்கு முந்தையது. முத்திரைத்தாளில் இருக்கும் தலை உதவும்: விக்டோரியா என்றால் பத்தொன்பதாம் நூற்றாண்டு, எட்வர்ட் என்றால் 1901-லிருந்து பத்து வருஷத்துக்குள், அதற்குப் பின் ஜார்ஜ். முத்திரைத்தாளின் மேல் வாங்கியவர் பெயரும் விற்பனைத் தேதியும் எழுதியிருக்கும்.

பழைய தமிழ்ப் பத்திரங்களில் எண்கள் தமிழிலேயே இருக்கும். ௲௮௱௯௰௬ என்றால் 1896. ௵ வருஷம், ௴ மாதம், ௳ தேதி, ௸ மேற்படி, ௹ ரூபாய், ௺ நம்பர். இந்த ஆறு குறியும் ஒன்று முதல் பத்து வரையான எண்களும் பழகிவிட்டால் பாதிப் பத்திரம் படித்தமாதிரி. அளவில் தஞ்சைப் பக்கம் வேலி, மா, குழி வரும். 100 குழி ஒரு மா, 20 மா ஒரு வேலி. இன்னும் பழையதில் சர்வே நம்பருக்குப் பதில் பைமாஷ் நம்பர் இருக்கும், அதைச் சர்வே எண்ணோடு பொருத்தச் செட்டில்மெண்ட் பதிவேடு வேண்டும்.

வயதைச் சொல்லும் பதிவுகளைக் கொஞ்சம் தள்ளி நின்றே நம்புங்கள். "ஏறக்குறைய 45" என்று எழுதியவர் ஐந்து வருஷம் முன்னே பின்னே இருக்கலாம். "தாது வருஷப் பஞ்சத்தில் பிறந்தவர்" என்று வீட்டில் சொன்னால் அது 1876-ஐ ஒட்டியது, பத்திரத்து வயதைவிட இதைத்தான் நான் நம்புவேன்.

நிலம் இல்லாத வீடுகளும் பெண்களும்

நிலத்தை வைத்துத் தேடு என்று சொல்வது எளிது, கூலி வேலை செய்த குடும்பத்துக்கு அது பொருந்தாது. வீடு இருந்தது நத்தத்தில் (ஊர்க் குடியிருப்பு நிலம்), நத்தத்துக்குப் பழைய பதிவேட்டில் ஆள்வாரிப் பெயர் கிடையாது, "கிராம நத்தம்" என்று ஒரே வரி. தனித்தனிப் பெயர்கள் நத்தம் நிலவரித் திட்டத்துக்குப் பிறகுதான். ஆனாலும் சில இடங்கள் உண்டு. 1892-க்குப் பின் ஒடுக்கப்பட்ட மக்களுக்கு ஒப்படைத்த பஞ்சமி நிலம் குடும்பத்தில் எப்போதாவது இருந்ததா என்று கேளுங்கள், பதிவேட்டில் டி.சி. (டிப்ரஸ்டு கிளாஸ்) நிலம் என்று குறிப்பிருக்கும், இன்று அது வேறு யார் கையிலோ இருந்தாலும் பெயர் எழுதிய பழைய வரி இருக்கலாம். குத்தகைக்கு உழுதவர்களுக்கு 1969-ம் ஆண்டுச் சட்டப்படி குத்தகைதாரர் உரிமைப் பதிவேடு இருக்கிறது. மிராசுதார் நிலத்தில் குடிசை போட்டிருந்தவர்களுக்கு 1971-ம் ஆண்டுக் குடியிருப்புச் சட்டப்படி மனை உரிமை வந்தது, அந்தக் கோப்பில் பெயர் இருக்கும்.

பள்ளிச் சேர்க்கைப் பதிவேடு எல்லோருக்கும் பொது. படிப்பைப் பாதியில் விட்டவர் பெயரும் அதில் இருக்கும், அப்பா பெயர், ஊர், சாதியோடு. பிறந்த தேதி மட்டும் வேண்டாம். கையைத் தலைக்கு மேல் போட்டுக் காதைத் தொட்டால் ஐந்து வயது என்று சேர்த்துக்கொண்ட காலம் அது. பிறப்பு, இறப்புப் பதிவேட்டில் குழந்தைக்குப் பெயரே இல்லாமல் "ஆண்", "பெண்" என்று மட்டும் இருக்கும், பெற்றோர் பெயரை வைத்துத்தான் தேட வேண்டும். கிராமத்தில் பதியாமல் விட்டதும் ஏராளம். வாக்காளர் பட்டியல் வீட்டு எண் வரிசையில் இருப்பதால் ஒரு வீட்டில் யார் யார் இருந்தார்கள் என்று காட்டும், தமிழ்நாட்டின் 2002, 2005 பட்டியல்கள் தேர்தல் அதிகாரியின் வலைத்தளத்தில் இருக்கின்றன. மக்கள்தொகைக் கணக்கெடுப்பின் ஆள்வாரித் தாள்கள் பொதுமக்களுக்குக் கிடைக்காது, அதைத் தேடி நேரத்தை வீணாக்க வேண்டாம். கிறிஸ்தவக் குடும்பம் என்றால் பங்குக் கோயிலின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகளை முதலில் பாருங்கள், மற்ற எதுவும் அவ்வளவு ஒழுங்காக இருக்காது. ஞானப் பெற்றோர் பெயரைக் குறிக்க மறக்காதீர்கள்.

பெண்கள் விஷயத்தில் ஆவணங்கள் கஞ்சத்தனம் காட்டும். தமிழ்நாட்டில் 1989-ல்தான் இந்துக் கூட்டுக் குடும்பச் சொத்தில் மகள்களுக்குச் சம பங்கு வந்தது, அதற்கு முந்தைய பாகப்பிரிவினைகளில் மகள்கள் இல்லாமலே குடும்பம் முடிந்துவிடும், ஐந்து பிள்ளைகள் என்று எழுதியிருந்தால் அது ஐந்து ஆண் பிள்ளைகள். பெண்களைப் பிடிக்க விடுதலைப் பத்திரம் பாருங்கள். 1956-ம் ஆண்டு வாரிசுரிமைச் சட்டத்துக்குப் பிறகு அக்கா தங்கைகளிடம் எழுதி வாங்குவது பெருகியது, ஒவ்வொருவரும் "இன்னார் மனைவி, இன்ன ஊர்" என்று அதில் வருவார்கள். அண்ணன் தம்பிகளுக்காக உரிமையை விட்டுக்கொடுத்த தாள்தான் பேரப்பிள்ளைகளுக்கு அவர்களை அடையாளம் காட்டுகிறது. மகளுக்குக் கொடுத்த தான செட்டில்மெண்ட், வாழ்நாள் முழுக்க அனுபவிக்கக் கைம்பெண்ணுக்கு விட்ட ஜீவனாம்ச நிலம், அப்புறம் அதே மொய் நோட்டு.

கடல் கடந்து போனவர்கள்

வெளிநாட்டிலிருந்து தமிழ்நாட்டு ஊரைத் தேடுகிறவர்களுக்கு வழி தலைகீழ். அவர்களிடம் ஊர்ப் பெயர் இருக்காது, கப்பல் பட்டியல் இருக்கும். 1860 முதல் 1911 வரை இன்றைய தென்னாப்பிரிக்காவில் உள்ள நேட்டாலுக்கு இந்தியாவிலிருந்து ஒன்றரை லட்சம் பேர் போனார்கள், முதல் கப்பலான ட்ரூரோ மதராசிலிருந்துதான் கிளம்பியது. ஒவ்வொருவருக்கும் எண், அப்பா பெயர், வயது, சாதி, ஜில்லா, தாலுகா, கிராமம், உடம்பில் உள்ள தழும்பு வரை எழுதியிருக்கிறார்கள். மொரீஷியசுக்கான குடியேற்ற ஆவணங்கள் மோக்காவில் உள்ள மகாத்மா காந்தி நிறுவனத்தில் இருக்கின்றன, சிலருக்குப் போட்டோவே உண்டு. இலங்கைத் தோட்டங்களிலிருந்து 1964 இந்திய-இலங்கை ஒப்பந்தத்துக்குப் பின் திரும்பியவர்களுக்குக் குடும்ப அட்டை கொடுத்தார்கள், அது எந்த வீட்டில் இருந்தாலும் பத்திரமாக வையுங்கள்.

கப்பல் பட்டியலில் உள்ள ஊர்ப் பெயர் குமாஸ்தா காதில் விழுந்தபடி எழுதியது. "பட்டி", "குளம்", "ஊர்" என்ற கடைசிப் பகுதியும் தாலுகாவும் உறுதியாக இருந்தால், அந்தத் தாலுகாவின் கிராமப் பட்டியலை எடுத்து ஒவ்வொன்றாக உரக்கப் படித்துப் பாருங்கள். இரண்டு மூன்று ஊர் பொருந்தினால், அந்தக் குடும்பத்தில் இன்னும் வழங்கும் குலதெய்வத்தின் பெயரை வைத்து வடிகட்டுங்கள். பேச்சுத் தமிழே மறந்துபோன வீடுகளில்கூடக் கருப்பண்ணசாமி, அங்காளம்மன் போன்ற பெயர்கள் மிஞ்சியிருக்கும். ஊர் உறுதியான பிறகு போனவரைத் தேடாதீர்கள், அவர் பெயர் அதற்கப்புறம் எந்தக் கணக்கிலும் இருக்காது. ஊரிலேயே தங்கிவிட்ட அவர் அண்ணன் தம்பியைத் தேடுங்கள். அதே அப்பா பெயரோடு அவர்கள் செட்டில்மெண்ட் பதிவேட்டில் இருக்கலாம், அங்கிருந்து மேலே சொன்ன வழிதான்.

கடைசியாக ஒரு வேண்டுகோள், கிடைத்த மூலப்பத்திரத்தை லாமினேட் செய்யாதீர்கள். சூடும் பிளாஸ்டிக்கும் சேர்ந்து காகிதத்தைக் கெடுத்துவிடும், திரும்பப் பிரிக்கவும் வராது. இரண்டு பக்கமும் போட்டோ எடுத்து, மடிப்பைத் திரும்பத் திரும்ப மடிக்காமல் ஒரு காகித உறையில் விரித்து வையுங்கள். பின்பக்கத்தைத்தான் பலர் போட்டோ எடுக்காமல் விடுகிறார்கள். பதிவு எண், புத்தகம், வால்யூம், பக்கம் எல்லாம் அங்கேதான் இருக்கிறது, நாளைக்குத் தாள் கிழிந்தாலும் அந்த நான்கும் தெரிந்தால் நகல் வாங்கிவிடலாம்.